இரண்டாம் பந்தி

சென்னை
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கீதாஞ்சலி எழுதுகிறேன். இங்கே நானும் பிரபாகரனும் சுகம். அங்கே நீ, மாமா, மேரிசெல்வி, உன் பாத்தியில் விளையும் உப்பு எல்லாம் சுகமா? பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்தை இன்னும் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறேன்.

இந்த முறை வீட்டுச் சேதியோடு ஒரு வேலைச் சேதியும் உண்டு. பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகளுக்குத் தமிழில் விளக்கத் தாள் எழுதுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். டாக்டர்கள் இங்கிலீஷில் சொல்வதை ஜனங்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும், அதுதான் பிழைப்பு. அடுத்து வரப்போகும் ஆய்வு எங்கே தெரியுமா? நம் மரக்காணம் உப்பளத்தில்! மீட்டிங்கில் அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு நாக்கில் உப்புக் கரித்தது.

விஷயம் இதுதான். நாள் முழுக்க வெயிலில் வேர்வை சிந்தி, தண்ணீர் போதாமல் வேலை செய்கிறவர்களுக்குக் கிட்னி மெல்லக் கெடுகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். கிட்னி கெடும்போது வலிக்காது, அதுதான் வம்பு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒரு கழிவு இருக்கிறது. கிட்னி நன்றாக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும். சோர்ந்துபோனால் அது ரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால் ரத்தமும் சிறுநீரும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறகு சில உப்பளங்களில் நிழல் கொட்டகை, குடிதண்ணீர், மணிக்கொரு தரம் ஓய்வு, பெண்களுக்குக் கழிப்பறை எல்லாம் கொடுத்து, அதனால் பலன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மே மாதம் முகாம்.

விளக்கத் தாள் அச்சில் இருக்கிறது, ஆபீஸ் ஆட்கள் ஊருக்குக் கொண்டுவந்து தருவார்கள். கட்டாயம் கிடையாது, நடுவில் விலகிக்கொள்ளலாம். ஆனாலும் நீ சேர வேண்டும் அக்கா. ஒரே ஒரு கேள்வி: பாத்தியில் நிற்கிற நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?

உன் பதில் வரும்வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கீதா

---

உப்பளத்துக் கொட்டாய்
12 பிப்ரவரி

அடியே கீதா,

அக்கா மலர்கொடி எழுதுவது. நாங்கள் சுகம், உப்பும் சுகம். வெள்ளை வெளேரென்று வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் மாமாவுக்கு இடுப்பு வலி. அது வந்தால்தான் மனுஷனுக்கு வேலைக்குப் போன திருப்தி.

உன் கடிதத்தை மேரிசெல்வி முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். பாத்தியில் என்னோடு வேலை செய்தாலும் அவள் ஊர் வேறு, நம் ஊர்க் கட்டுப்பாடு அவளுக்குக் கிடையாது. நீ வேறு சாதிக்காரரான பிரபாகரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது நாட்டாமை சகாதேவன் கோயில் வாசலில் நின்று என்ன சொன்னார்? "கீதாகூட யாரும் பேசக்கூடாது. பச்சத்தண்ணி குடுக்கக்கூடாது. ஒரு பந்தியில ஒக்காரக்கூடாது. மீறினா அந்தக் குடும்பத்துக்கும் இதே கட்டுப்பாடுதான்." பேசக்கூடாது என்றுதானே சொன்னார், எழுதக்கூடாது என்று சொன்னாரா? பதினோரு வருஷமாக அந்தச் சந்தில்தான் நாம் இரண்டு பேரும் குடித்தனம் நடத்துகிறோம். போனில் எழுதலாமே என்று நீ கேட்பாய். போன் என்றாலே பேச்சுதான் என்று அவர் சொல்லிவிட்டால்? காகிதத்துக்கு வாய் கிடையாது, அதுதான் சவுகரியம்.

ரத்தம் எவ்வளவு எடுப்பார்கள்? "பாட்டில் பாட்டிலா எடுத்து வித்துடுவானுங்க" என்கிறார் உன் மாமா. அவருக்குத்தான் முதலில் டெஸ்ட் பண்ண வேண்டும், எதையும் நம்பமாட்டார்.

இங்கே மத்தியானத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது கீதா. பன்னிரண்டு மணிக்கு மேல் வரப்பும் வானமும் ஒட்டிப்போய்விடும். பாத்தி முழுக்க ஆகாயம் இறங்கிக் கிடக்கும். நான் பலகையால் வாரினால் மேகம்தான் குவிகிறது. அப்போது தூரத்து வரப்பில் நீ வருகிறாய், அந்தப் பழைய மஞ்சள் தாவணியோடு. கால் தரையில் படவே இல்லை. கிட்டே வந்ததும் கலைந்துவிடுகிறாய். நேற்று உன் பின்னால் அம்மாவும் வந்தாள், செத்துப்போனவள் போலவே இல்லை, தலை சீவிப் பூ வைத்திருந்தாள். காதில் ஒரு ரீங்காரம், தலை லேசாக மிதக்கிறது. எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத ஊர் அது ஒன்றுதான்.

வேறு விசேஷம் இல்லை. மெட்டி இறுக்குகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டிருக்கிறேன். மாமாவுக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவார், நீயும் எழுதித் தொலைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அக்கா,
மலர்

---

சென்னை
20 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்தைத்தான் இந்த முறை நம்ப முடியவில்லை.

ரத்தம் ஒரு டீஸ்பூன்தான் எடுப்பார்கள், விற்பதற்கு அது காணாது என்று மாமாவிடம் சொல். வேலைக்கு முன்னால் ஒரு தரம் எடை பார்ப்பார்கள், வேலை முடிந்ததும் ஒரு தரம். இடையில் குறைந்தது அத்தனையும் வேர்வையாகப் போன தண்ணீர்.

உன் மத்தியான வேடிக்கையை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் பயந்தேன். வெயிலில் உடம்பு காய்ந்துபோனால் தலை மிதக்கும், காது ரீங்கரிக்கும், இல்லாதது தெரியும் என்று நானே அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். கால் வீங்கினால்தான் மெட்டி இறுக்கும், அதையும் எழுதியிருக்கிறேன். வரப்பில் வருவது நான் இல்லை அக்கா. உன் உடம்பில் தண்ணீர் இல்லை, அதுதான் வருகிறது.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?

கவலையோடு,
கீதா

---

உப்பளத்துக் கொட்டாய்
9 மார்ச்

கீதா,

சுகம் விசாரிக்க மனசு வரவில்லை. வழக்கத்தை விடக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன், சுகமா?

உங்கள் ஆபீஸ் ஆட்கள் வந்து உன் தாளை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஜனம் கூடியது. நாட்டாமை சகாதேவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். கிட்னி வரைக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் இந்த வரி வந்தது: "குலுக்கல் முறையில் உங்கள் உப்பளம் கட்டுப்பாட்டுக் குழுவில் வைக்கப்படலாம். கட்டுப்பாட்டுக் குழுவினருக்கு இந்த ஆண்டு குடிதண்ணீர், நிழல், கழிப்பறை வழங்கப்படாது."

அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. "நம்மளக் கட்டுப்பாட்டுல வைக்கிறதுக்கு இவனுங்க யாருடா?" என்று கலியபெருமாள் எழுந்துவிட்டான். "தண்ணிகூடக் குடுக்கமாட்டானுங்களாமே! நாம என்ன தப்புப் பண்ணோம்?" என்று முத்தம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். சகாதேவன் தாளின் அடியில் இருந்ததைக் கடைசியாகப் படித்தார். தொடர்புக்கு, கீதாஞ்சலி. "பாத்தீங்களா? பதினோரு வருசம் காத்திருந்து திருப்பிப் போட்டுட்டா" என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பயத்தினால் இல்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. உனக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை, அச்சடித்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறாய். மனசு ஆறிற்றா?

ஒருத்தரும் கையெழுத்துப் போடப்போவதில்லை. நானும்தான்.

மலர்கொடி

---

சென்னை
14 மார்ச்

என் அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

ஐயோ அக்கா, அது அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆராய்ச்சிப் புத்தகங்களில் அப்படி ஒரு சொல் கிடக்கிறது. நான் எடுத்து எழுதிவிட்டேன். அந்த வார்த்தையால் பதினோரு வருஷம் அடிபட்டவள் நான். எனக்கே உறைக்கவில்லை பார். மேஜையில் உட்கார்ந்தால் நம் ஊர் பாஷை எனக்கு மறந்துவிடுகிறது போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி இருக்கிறது என்று வை. ஒன்றில் புதிதாக ஏதோ செய்து பார்க்கிறாய். இன்னொன்றைப் பழையபடி விடுகிறாய். அது பழையபடி இருந்தால்தானே, உப்பு கூடினது நீ செய்ததாலா, அந்த வருஷத்து வெயிலாலா என்று தெரியும்? அந்தப் பழையபடி விட்ட பாத்திதான் நான் சொன்ன குழு. தண்டனை இல்லை. பலன் தெரிந்தவுடன் அடுத்த வருஷம் அவர்களுக்கும் அதே கொட்டகை, அதே தண்ணீர், அதே கழிப்பறை. யாரைப் பழையபடி விடுவது என்று டாக்டர் தீர்மானித்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பேச்சு வரும். அதற்குத்தான் குலுக்கல்.

இதற்கு நம் ஊரில் என்ன வார்த்தை சொல்வது? எனக்கு வரவில்லை. நீ சொல்லு.

மன்னிப்புக் கேட்கும்,
கீதா

---

சென்னை
5 ஏப்ரல்

அக்கா,

சுகமா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. வெயில் ஏறிவிட்டது. டிவியில் மரக்காணம் பக்கம் எத்தனை டிகிரி என்று தினமும் பார்க்கிறேன்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?

கீதா

---

உப்பளத்துக் கொட்டாய்
21 ஏப்ரல்

அன்புள்ள கீதாவுக்கு,

உயிரோடு சுகமாக இருக்கிறேன், டிகிரி பார்ப்பதை விடு. பதில் தாமதமானதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. வரப்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். மேரிசெல்வி தூக்கிவிட்டாள். வழுக்கல்தான். இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன், கண்ணை மூடினாலும் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

போன வாரம் பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணம். பசி உயிர் போகிறது, முதல் பந்தியில் இடம் இல்லை. உன் மாமா ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கிறார். "சித்த இருங்க, ரெண்டாம் பந்திக்கு எலை போட்டுக்கினு இருக்காங்க" என்று சமாதானம் சொன்னேன். சொன்னதும் எனக்குள் சுருக்கென்றது. அடியே, இதுதானே நீ தேடின வார்த்தை! முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இப்போது சோறு. இரண்டாம் பந்தியில் நிற்கிறவனுக்கும் அதே சோறு, அதே வடை, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் பந்தியில் நிற்கிறவன் விருந்தாளி. கட்டுப்பாட்டில் இருப்பவனுக்குப் பந்தியே கிடையாது. எத்தனை வித்தியாசம் பார்!

அங்கேயே சகாதேவனிடம், உன் பேரைச் சொல்லாமல், பொதுவாக விளக்கினேன். "ரெண்டாம் பந்தின்னா சாம்பார்ல தண்ணிய ஊத்திடுவானுங்களே" என்றார். "அதத்தாங்க, தண்ணிதான கேக்குறோம்" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார். இலையில் உட்கார்ந்த பிறகு, "அப்படின்னு எழுதிக் குடுக்கச் சொல்லு, பாக்கலாம்" என்றார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எழுதிக்கொடு. அந்தப் பழைய வார்த்தை ஒரு இடத்திலும் இருக்கக்கூடாது.

கோபம் இறங்கின அக்கா,
மலர்

---

சென்னை
10 மே

என் தங்க அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, உன்னால். ஆய்வுகளில் ஜனங்களுக்குத் தீங்கு வராமல் பார்க்க ஒரு நெறிமுறைக் குழு உண்டு. தாளில் ஒரு எழுத்து மாற்றினாலும் அவர்களிடம் போக வேண்டும். பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்த ரூமில் "முதல் பந்தி, இரண்டாம் பந்தி" என்று நான் படித்தேன். ஒரு அம்மா எழுந்து, "இத்தன வருசமா நமக்கு இது தோணலியே" என்றார். பாஸாகிவிட்டது.

முகாம் மே 24, புயல் பாதுகாப்புக் கட்டடத்தில். நானும் வருவேன். ஆனால் உன்னோடு பேசமாட்டேன் அக்கா, பயப்படாதே. உன் குடும்பத்துக்கும் கட்டுப்பாடு விழ நான் காரணமாகமாட்டேன். உறவுக்காரர் என்பதால் உன்னிடம் நான் கையெழுத்து வாங்கவும் கூடாது. ஜான்சி என்கிற நர்ஸ் வாங்குவார். அவர் விளக்கிச் சொல்லிவிட்டு "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பார். நீ கேட்டதை ஒரு கட்டத்திலும், அதற்கான பதிலை இன்னொரு கட்டத்திலும் எழுதுவார். கேள்வியை எழுதிவிட்டுப் பதிலைக் காலியாக விட்டால் படிவம் கோப்பில் ஏறாது. அவ்வளவு கறார்.

எல்லாருக்கும் அன்றைக்கே ரத்தம் எடுப்பார்கள். குலுக்கல் அதற்கு அப்புறம்தான். எந்தப் பந்தியாக இருந்தாலும், யாருக்காவது கிட்னி கெட்டிருந்தால் உடனே சிகிச்சை. அதற்குப் பந்தி கிடையாது.

வந்துவிடு. தூரத்திலிருந்தாவது உன்னைப் பார்க்க வேண்டும்.

கீதா

---

சென்னை
2 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. இந்த முறை அது எனக்கு முன்கூட்டியே தெரியும்.

அன்றைக்கு நடந்ததை எழுதிப் பார்த்தால்தான் நடந்தது என்று நம்புவேன். வாசலில் வெயில் வெள்ளையாக நின்றது. அதற்குள்ளிருந்து நீ வந்தாய். பதினோரு வருஷம் கழித்து, நரைத்து, இளைத்து, கால்கள் மட்டும் வீங்கி. நீ கிட்டே வந்ததும் கலைந்துவிடுவாய் என்றுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நீ கலையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

ஜான்சி எல்லாம் விளக்கிவிட்டு, "ஏதாவது கேள்வி இருக்காம்மா?" என்றார். நீ, "இருக்குது. ஆனா ஒங்கிட்ட இல்ல" என்றாய். சகாதேவன் வரிசையில் உனக்குப் பின்னால் நின்றார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"சாப்பிட்டியாடி?" என்றாய்.

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எழுந்து வெளியே ஓடிப்போய்விட்டேன். பதினோரு வருஷமாக எழுதுகிறவளுக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை, பார். திரும்பி வந்தபோது நீ கையெழுத்துப் போட்டு, ரத்தமும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். சகாதேவன்தான் என் மேஜை முன்னால் நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரிசல்ட்டு எப்ப வரும்?" என்றார். சுவர் பதில் சொல்லாது என்பதால் நான் சொன்னேன். "சர்க்கரையும் பாப்பீங்களாம்மா?" என்று அடுத்த கேள்வியை என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

இப்போது ரிசல்ட். இதை நான்தான் எழுதுவேன் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமாவுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. உனக்குக் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது அக்கா. கிட்னி பாதி வேலைதான் செய்கிறது. ஆனால் கை மீறிவிடவில்லை. இப்போதிருந்து பார்த்துக்கொண்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் ஜூன் 14 வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நீ பாத்தியில் இறங்கக்கூடாது.

குலுக்கலும் முடிந்தது. உன் உப்பளம் இரண்டாம் பந்தி. சீட்டுப் பெட்டி என் கைக்கு எட்டின தூரத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. கோபமா?

ஜான்சி உன் படிவத்தைக் காட்டினார். கேள்வி என்ற கட்டத்தில், "சாப்பிட்டியாடி" என்று அழகாக எழுதியிருக்கிறார். பதில் காலி. "நீங்க வாயால சொன்னாத்தான் நான் எழுதுவேன்" என்கிறார்.

கீதா

---

வீட்டிலிருந்து
9 ஜூன்

அன்புத் தங்கை கீதாவுக்கு,

முதல் தடவையாக வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகம் பாதி, மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ரிசல்ட்டை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் டப்பாவிலிருந்து மெட்டியை எடுத்து, என் விரலில் போட்டுப் பார்த்து, ஏறாததால் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கால் வத்தினதும் நானே போட்டுவுடுறேன்" என்றார். இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் திட்டினேனே என்று இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் ஒரு தம்ளர், மத்தியானம் கஞ்சியோடு ஒரு தம்ளர். அவ்வளவுதான், இருபது வருஷமாக. குடித்தால் போக வேண்டும். கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரு செடி இல்லாத வெளியில் பொம்பளை எங்கே போவாள்? இதை எப்படி எழுதுவது என்று வெட்கப்பட்டுக்கொண்டே விட்டுவிட்டேன். இப்போது மேரிசெல்வி நான்கு கழியை நட்டு, பழைய சேலையைச் சுற்றி ஒரு மறைப்புக் கட்டிவிட்டாள். "பந்தி வர்ற வரைக்கும் நம்ம இலைய நாமளே போட்டுக்கலாம்" என்கிறாள். இது உங்கள் ஆராய்ச்சியைக் கெடுத்துவிடுமா? கெடுத்தாலும் சரி, உள்ளதை எழுதிக்கொள்ளச் சொல். வீட்டில் நான் நேற்று ஆறு தம்ளர் குடித்தேன். டாக்டர் கூட்டுவாரோ குறைப்பாரோ, அவர் சொன்னபடி கேட்பேன்.

நேற்று மத்தியானம் மேரிசெல்விக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பாத்தியில் இறங்கவில்லை, வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகாயம் கீழே இறங்கிக் கிடந்தது. தூரத்து வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. அம்மாவும் வரவில்லை. உப்பு உப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுகை வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

சகாதேவன் வீட்டுப் பக்கம் வந்தார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதாம், நீ போனில் விளக்கமாகச் சொன்னாயாம். கட்டுப்பாட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவரே தலையைச் சொறிந்துகொண்டு, "நானே பேசிட்டேன், இனிமே யார என்னா கேக்குறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குலுக்கலில் நீ கை வைக்காதது நல்லது. வைத்திருந்தால் உன்னை அறைந்திருப்பேன். ஆனால் ஒன்று. ஜான்சியின் அந்தக் காலிக் கட்டத்துக்குப் பதிலை எனக்கு எழுதி அனுப்பாதே. எழுத்தில் எனக்கு வேண்டாம். பதின்மூன்றாம் தேதி பிரபாகரனையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. மறுநாள் எல்லாரும் சேர்ந்தே பாண்டிச்சேரிக்குப் போகலாம். நீ வரும் அன்று மத்தியானம் உன் மாமாவை முதல் பந்தியில் உட்கார வைத்துவிடுவேன், அவர் பசி தாங்கமாட்டார்.

நான் சாப்பிடாமல் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பேன். நீ வாசலில் நிற்கும்போது முகாமில் கேட்டதையே மறுபடியும் கேட்பேன். ஊர் கேட்கிற மாதிரி, "இன்னும் இல்லக்கா" என்று சத்தமாகச் சொல்.

மலர்